கேட்காமல் கொடுத்த கை

மெட்டில்டா கடலுக்குள்ளிருந்து மேலே வந்த வேகத்தைப் பார்த்தால், அடியில் யாரோ அவளை எட்டி உதைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். மூன்று ஆள் ஆழத்தில் சாவகாசமாகப் பவளத்துண்டு கட்டிக்கொண்டிருந்தவள், அமுக்கிப் பிடித்த பந்து கைநழுவினாற்போல நீரைக் கிழித்துக்கொண்டு இடுப்புவரை எழும்பி, படகின் விளிம்பில் மடாரென்று தோளை இடித்துக்கொண்டு, மறுபடி தண்ணீரில் மல்லாந்தாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடற்பணி உரிம வாரியத்திலிருந்து அவளைச் சோதிக்க வந்திருந்த ஆய்வாளர் தணிகைவேல் அப்போதுதான் மடியில் பிரித்து வைத்திருந்த புளியோதரை, பாதி அவருடைய சட்டைப்பையிலும் பாதி கடலிலுமாகக் குடியேறியது.

வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்ததால் அவள் நுரையீரல் தப்பியது. ஆழத்திலிருந்து வேகமாக ஏறும்போது மூச்சை அடக்கினால் நெஞ்சுக்கு ஆபத்து. வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும். மெட்டில்டா விட்ட மூச்சு முழுவதும் ஆவுடையப்பனின் பெயராகத்தான் இருந்தது என்று படகோட்டிய அவளுடைய அண்ணன் பிரிட்டோ பிற்பாடு உறுதி செய்தான்.

தப்பு யாருடையது என்பதில் படகில் இரண்டு கருத்து இல்லை. ஆவுடையப்பனுக்கே இல்லை.

மூழ்குகிறவர்கள் முதுகுச் சிலிண்டரை உடம்போடு சேர்த்துக் கட்டும் வார்ப்பட்டையை வடிவமைப்பது அவன் தொழில். நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் வாந்தி வரும். இந்த இரண்டு தகுதிகளோடு பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் தாக்குப்பிடித்தவன் இந்தக் கடற்கரையில் அவன் ஒருவன்தான். இப்போது வருகிற வார்ப்பட்டைகள் வெறும் வார் அல்ல. மாட்டிக்கொள்கிற ஆளின் உடம்பைப் படித்துக்கொள்ளும். அவர் எப்படி மூச்சு விடுவார், எந்தப் பக்கம் சாய்வார், எந்தக் கை எவ்வளவு அசையும் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடும். ஏதாவது வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால், ஆள் ஆபத்தில் இருக்கிறார் என்று முடிவுகட்டி, காற்றுப்பையை ஊதி மேலே தூக்கிவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் லாட்ஜ் குளியலறையில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து, அதற்குள் தானே இறங்கி, மெட்டில்டாவின் பட்டையை மாட்டிச் சோதித்துப் பார்த்தான் ஆவுடையப்பன். சோதனை பிரமாதம். தன்னைப் பற்றிப் பட்டை படித்ததை அழிக்க மட்டும் மறந்துபோனான்.

ஆக, இடது கை என்றால் என்ன என்பதை அந்தப் பட்டை ஆவுடையப்பனிடம் கற்றுக்கொண்டிருந்தது. அவனுடைய இடது கை பிறந்ததிலிருந்து செய்துவரும் ஒரே உத்தியோகம், வலது கை சாப்பிடும்போது போனைப் பிடித்துக்கொண்டிருப்பது. இப்படிப்பட்ட சோம்பேறிக் கை திடீரென்று கடலடியில் சுறுசுறுப்பாக வேலை செய்ய ஆரம்பித்ததும், 'ஐயோ, வலிப்பு' என்று பட்டை பதறியதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

இதில் இன்னொரு சின்ன விஷயம் உண்டு. மெட்டில்டாவுக்கு இடது கை கிடையாது.

"அதான் எனக்குப் புரியலைங்க," என்றார் தணிகைவேல், சட்டைப்பையிலிருந்து வேர்க்கடலையைப் பொறுக்கி எடுத்தபடி. சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கடல் தண்ணீரை அவரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆவுடையப்பனுக்கு அவர்மேல் பாசம். "அந்தம்மாவுக்கு முழங்கையைத் தாண்டிக் கொஞ்சத்தோட கை முடிஞ்சிருதுங்களே. இல்லாத கை எப்படிங்க வேலை செய்யும்?"

"நல்லாக் கேளுங்க சார்," என்றான் பிரிட்டோ, தங்கையை வலது அக்குளில் கைகொடுத்துப் படகுக்குள் இழுத்துப் போட்டபடி. "நாங்க கேட்டா படம் போட்டுக் காமிச்சு அனுப்பிருதாரு."

ஆவுடையப்பன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குமட்டலுக்கும் விளக்கத்துக்கும் நடுவே, சொன்னான்: "உங்க விதி என்ன சொல்லுது? மூழ்குபவர் விழிப்போட இருக்காரான்னு பட்டை அப்பப்ப ரெண்டு உள்ளங்கையிலயும் தட்டிக் கேக்கணும். ரெண்டு கையும் இறுக்கிப் பதில் சொல்லணும். பதில் வரலேன்னா மேல தூக்கிரணும். சரியா?"

"விதி பதினேழு, உட்பிரிவு இ."

"இவளுக்கு ஒரு கைதான். இன்னொரு கை பதில் சொல்லாது. அதனால லைசன்ஸ் கிடையாதுன்னுட்டீங்க. அதுக்காக இவ முழங்கைக்குக் கீழ ஒரு காப்பு மாதிரி மாட்டினோம். அது தோலுல ஒரு தினுசாத் தட்டும். ரெண்டு மாசத்துல மூளை அதை உள்ளங்கைன்னு நம்பிருச்சு. அங்க ஒரு கை இருக்குன்னு நினைச்சு இறுக்குது. இறுக்கும்போது சதை அசையுதுல்லா, அந்த அசைவைக் காப்பு படிச்சிரும். பதில் வந்தாச்சு."

"அந்தக் கை வேற என்ன செய்யுங்க?"

"ஒண்ணும் செய்யாது. ஈ கூட விரட்டாது."

தணிகைவேல் வேர்க்கடலை ஒன்றை வாயில் போட்டார். "அப்ப அரசாங்க விதிக்குப் பதில் சொல்றதுக்குன்னே ஒரு கையை உண்டாக்கியிருக்கீங்க."

"ஆமா சார்," என்றான் ஆவுடையப்பன். அந்த நிமிஷம் வரை அது அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மெட்டில்டா படகின் தரையில் உட்கார்ந்து, நீச்சல் கண்ணாடியைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கடல் சூடேறிப் பவளப்பாறையெல்லாம் வெளுத்துச் செத்த பிறகு, தீவைச் சுற்றிப் புதுப் பவளம் நடுகிற வேலையில் முதல்முதலாக இறங்கிய பெண்களில் ஒருத்தி. அப்போது விதியும் இல்லை, உட்பிரிவும் இல்லை. கூடையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, கயிற்றை முழங்கை மடிப்பில் பிடித்து, வலது கையால் முடிச்சுப் போடுவாள். அவள் நட்ட வரிசை இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். போன வருடம் வாரியம் வந்தது, உரிமம் வந்தது, அவள் கரையில் தொட்டி கழுவுகிற வேலைக்கு வந்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு? நான் அழிக்க மறந்தது போக, மத்தபடி?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றாள் அவள்.

எட்டு மாதமாக இதே பதில். காப்பு இறுக்கமா? நல்லாத்தான் இருக்கு. தோள் வார் உரசுதா? நல்லாத்தான் இருக்கு. இப்போது கடல் அவளைத் துப்பி எறிந்திருக்கிறது. தோளில் ரத்தம் கட்டிவிட்டது. அப்போதும் நல்லாத்தான் இருக்கு. ஆவுடையப்பனுக்குத் தலையைப் படகு எஞ்சினில் கொண்டுபோய் இடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இன்னும் ஒரு வாய்ப்பு இருக்குங்க," என்றார் தணிகைவேல். "அதுலயும் சரிவரலைன்னா, மூணு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும்."

"பாஸ் பண்ணிருவாள்ல சார்?" என்றான் பிரிட்டோ.

"பாப்போங்க."

நேராகப் பதில் சொல்லாத இன்னொரு ஆள்.

*

துறைமுகத்துக்கு எதிரே டீக்கடையில் ஆவுடையப்பனும் அண்ணன் தங்கையும் நின்றார்கள். மெட்டில்டா வலது கையில் சுண்டலைப் பிடித்திருந்தாள். கடைக்காரர் டீயை நீட்டினார். அவள் பிரிட்டோவிடம் ஏதோ பேசிக்கொண்டே, சர்வ சாதாரணமாக, இடது பக்கமாகத் திரும்பி, இல்லாத கையால் அதை வாங்கினாள்.

கண்ணாடி கிளாஸ் நேராகத் தரைக்குப் போனது.

கடைக்காரர் அவளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், 'நாமதான் விட்டுட்டோமோ' என்ற முகத்தோடு உடைசலைக் கூட்டினார்.

"கை வழுக்கிருச்சு," என்றாள் மெட்டில்டா.

எந்தக் கை என்று ஆவுடையப்பன் கேட்க வாயெடுத்தான். பிரிட்டோ சட்டென்று உள்ளே புகுந்தான்: "அவ சின்னதுலயே அப்படித்தான் அண்ணாச்சி. வீட்ல ஒரு கிளாஸ் முழுசா கெடையாது."

அது பச்சைப் பொய். இந்த எட்டு மாதத்தில் அவள் ஒரு பொருளைக் கீழே போட்டு அவன் பார்த்ததில்லை. ஒற்றைக் கையில் நான்கு டீயை வாங்கிக்கொண்டு படகுக்கு நடந்து வருவாள். வாயால் கயிற்றைக் கடித்துக்கொண்டு, முழங்கையில் கேனை மாட்டிக்கொண்டு, அதோடு அண்ணனைத் திட்டவும் செய்வாள். கை குறைகிறது என்று யாராவது சொன்னால்தான் அவளுக்கே நினைவு வரும். அப்படிப்பட்டவள் இல்லாத கையை நீட்டுகிறாள்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. கரையிலயும் அந்தக் கை இருக்கிற மாதிரித் தோணுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லேன்னா கிளாஸ் ஏன் விழுந்துச்சு?"

"கிளாஸ்னா விழத்தான செய்யும்?"

பிரிட்டோ பலமாகத் தலையாட்டினான். இந்த அண்ணன் தங்கையிடம் நேரான பதில் வாங்குவதைவிடக் கணவாய் மீனிடம் கைகுலுக்குவது சுலபம்.

*

அந்தக் கோபத்தை அப்படியே சுமந்துகொண்டு மறுநாள் வாரிய அலுவலகத்துக்குப் போனான் ஆவுடையப்பன். தணிகைவேல் இன்று சப்பாத்தி கொண்டுவந்திருந்தார். கரை என்றாலும் எச்சரிக்கையாக டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. ரெண்டு கைன்னு ஏன் இருக்கு?"

"விதியில இருக்குங்க."

"விதியில ஏன் இருக்கு?"

"குழு பரிந்துரைச்சதுங்க."

"குழு ஏன் பரிந்துரைச்சது?"

"அது மேலதான் கேக்கணும்."

"மேல யாரு?"

தணிகைவேல் உத்தரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பல்லி இருந்தது. பல்லியும் பொறுப்பேற்கிற மாதிரித் தெரியவில்லை.

"ஆள் முழிச்சிருக்காரான்னு தெரியணும், அவ்வளவுதான? அதை ஒரு கையே சொல்லுமே சார். பாதி மயக்கம்னு ஒண்ணு இருக்கா? வலது பக்கம் முழிப்பு, இடது பக்கம் தூக்கம்?"

"நீங்க சொல்றது நியாயந்தாங்க."

"அப்ப மாத்துங்க."

"எதுக்குங்க மாத்தணும்?" என்றார் தணிகைவேல், உண்மையாகவே குழம்பிப்போய். "அதான் நீங்க கையே செஞ்சு குடுத்துட்டீங்களே. போன மாசம் இந்த மாதிரி ஒரு மனு வந்துச்சுங்க, ஒரு கை இல்லாதவர். விதியைத் தளர்த்தலாமான்னு மேலயிருந்து கேட்டாங்க. நான்தான் எழுதினேன், தேவையில்லை, இப்ப ஆவுடையப்பன் சாரோட காப்பு வந்துருச்சுன்னு. எல்லாருக்கும் சந்தோஷம். உங்க பேரைக்கூடக் குறிப்பிட்டிருக்கேங்க."

ஆவுடையப்பன் ஒரு சப்பாத்தியை எடுத்து, அது அவருடையது என்பதைக்கூட யோசிக்காமல், மென்றான்.

அசையவே அசையாது என்று அவன் நினைத்திருந்த ஒரு விதி, போன மாதம் லேசாக அசைந்திருக்கிறது. அதைப் பிடித்து மறுபடி நேராக நிறுத்தி வைத்திருப்பது அவனுடைய புத்திசாலித்தனம். விதிப்புத்தகத்தில் ஒரு வரியை அடிப்பதைவிட, ஒரு பெண்ணின் மூளைக்குள் ஒரு கையை முளைக்க வைப்பது அரசாங்கத்துக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அதற்கு அவன் மூன்று முறை கைதட்டலும் ஒரு சால்வையும் வாங்கியிருக்கிறான்.

"இன்னொண்ணு எடுத்துக்குங்க," என்றார் தணிகைவேல். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே.

*

பவளத் தொட்டிகள் இருக்கும் கொட்டகையில் மத்தியான வெயில் தகரத்தின் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்த ஆவுடையப்பன், கடைசித் தொட்டிக்கு அருகில் மெட்டில்டா முக்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பக்கத்தில் மீன்காரர்களின் பனிக்கட்டிப் பெட்டி. அதற்குள் இடது முழங்கையை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டைக் கடித்திருந்தாள். பிரிட்டோ அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான்.

பிரிட்டோதான் முதலில் பார்த்தான். "ஐஸ் சும்மா வாங்கினோம் அண்ணாச்சி," என்றான். "வெயிலுக்கு."

"பிரிட்டோ, இன்னொரு பொய் சொன்னா அந்தப் பெட்டியில உன் தலையை அமுக்கிருவேன்."

பிரிட்டோ தங்கையைப் பார்த்தான்; தங்கை கண்ணைத் திறக்கவில்லை. அவனுக்கும் பொறுமை போய்விட்டது. "கை வலிக்குதாம்."

"எந்தக் கை?"

"எந்தக் கையின்னா? நீங்க குடுத்த கை! இருக்கிற கை வலிச்சா எண்ணெய் தேய்க்கலாம். இல்லாத கைக்கு எங்க தேய்க்க? நாலு மாசமா ஒறக்கம் கெடையாது. வெரலெல்லாம் மடங்கி, உள்ளங்கையில நெகம் குத்துதுங்கா. ஏட்டி, நெகம் எங்கட்டி இருக்கு ஒனக்குன்னா அழுதா."

மெட்டில்டா கண்ணைத் திறந்தாள். "அண்ணன், வாய மூடு."

"நீ சொல்ல மாட்ட. நானும் சொல்லப்பிடாது. வேற யாரு சொல்லுவா, அந்தப் பவளமா?"

ஆவுடையப்பன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். வேட்டி நனைந்தது. நனையட்டும் என்றிருந்தது. அவனுக்குள்ளே இருந்த பொறியாளன் மட்டும் வெட்கம் கெட்டுப்போய் வேகமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். காப்பு தட்டும், கை இறுக்கும். தட்டும், இறுக்கும். விதிக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தக் கைக்கு அவன் மூடக் கற்றுக்கொடுத்தான். திறக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எந்த உட்பிரிவும் அதைக் கேட்கவில்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீய? கழட்டிருவீய. கழட்டினா லைசன்ஸ் கெடையாது. அப்புறம் நான் சாகுத வரைக்கும் இந்தத் தொட்டியக் கழுவணும்." அவள் பெட்டியிலிருந்து முழங்கையை எடுத்துத் துண்டால் சுற்றிக்கொண்டாள். "எனக்குக் கீழ போவணும் அண்ணாச்சி. வலி என்ன வலி."

"அது வலி இல்ல, என் முட்டாள்தனம்."

"அதுவும் இருக்கட்டும்," என்றாள்.

அவன் சிரித்திருப்பான், சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. "மொதல் நாள் நீ என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேல்லா. அன்னைக்கு எங்கிட்ட என்ன கேட்ட?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லும்மா."

அவள் தொட்டிக்குள் கையை விட்டு, சாய்ந்திருந்த ஒரு பவளத்துண்டை நிமிர்த்தினாள். ஆனால் ஆவுடையப்பனுக்கு நினைவு வந்துவிட்டது. பழைய பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஆபத்து நேரத்தில் பட்டையைக் கழற்றுகிற கொக்கி இடது தோளில் இருக்கிறது, வலது கை எட்ட மாட்டேன் என்கிறது, அதை வலது நெஞ்சுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். அவ்வளவுதான். கொக்கி. அவன் அவளைப் பேசவிடாமல் உட்காரவைத்து, உனக்கு நான் கையே தருகிறேன் என்று இரண்டு மணி நேரம் படம் காட்டினான். வெளியே போகும்போது அவள் நன்றி சொன்னாள். கொக்கியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

அது இன்னும் இடது தோளில்தான் இருக்கிறது.

*

இரண்டாம் சோதனை நாளன்று கடல் மட்டமாக இருந்தது. ஆவுடையப்பன் ஒருமுறைதான் வாந்தி எடுத்தான். தணிகைவேல் சாப்பாட்டையே கரையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

பட்டையில் இப்போது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கொக்கி வலது நெஞ்சுக்கு வந்திருந்தது. காற்றுக்குழாய்கள் வலது பக்கம் போயிருந்தன. இடது பக்கம் எடை குறைவதால் அவள் நீருக்குள் சாயாமல் இருக்க, ஒரு சிறு ஈயக்கட்டியை அந்தப் பக்கத்து வாரில் தைத்திருந்தான். காப்பு முழங்கையில் இருந்தது, ஆனால் தட்டாது. தட்டுகிற கம்பியை ஆவுடையப்பன் தன் கையாலேயே வெட்டியிருந்தான். அவள் கூடையை இடுக்குகிற இடத்தில், இடது அக்குளில், ஒரு ரப்பர் மெத்தை. பட்டை அந்த மெத்தையை அதிரச் செய்து கேட்கும். அவள் கூடையை இடுக்குவது போல ஒரு அமுக்கு அமுக்கினால் அது பதில். எப்படியும் நாளெல்லாம் அவள் செய்கிற காரியம்தான்.

மெட்டில்டா பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். குமிழிகள் மேலே வந்தன. படகிலிருந்த சின்னத் திரையில் வலது விளக்கு பச்சையாக எரிந்தது. சற்றுப் பொறுத்து இடது விளக்கும் எரிந்தது.

தணிகைவேல் குனிந்து பார்த்தார். "இடது பதில் வருதுங்களே. காப்புதானுங்களா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். தொழில்நுட்ப வார்த்தை நாலைப் போட்டால் அவர் தலையாட்டிவிடுவார். ஆவுடையப்பன் அந்த நாலு வார்த்தையையும் வாய்வரை கொண்டுவந்தான்.

"அக்குள்," என்றான்.

"என்னங்க?"

"அக்குள் சார். அக்குளால அமுக்குதா. பொய்க்கையை நான் வெட்டிட்டேன். அது அவளைத் தூங்கவிடல. உங்க விதிக்காக ஒரு பொம்பளைக்கு வலிக்கிறதுக்குன்னே ஒரு கை செஞ்சேன். இனிமே செய்ய மாட்டேன். உங்களுக்கு இது ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க. 'பாப்போம்'னு மட்டும் சொன்னீங்கன்னா நான் கடல்ல குதிச்சிருவேன், எனக்கு நீச்சலும் தெரியாது."

பிரிட்டோ எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தவன், துடைப்பதை நிறுத்தினான்.

தணிகைவேல் வெகுநேரம் திரையைப் பார்த்தார். வலது விளக்கு. இடது விளக்கு. பிறகு கடலைப் பார்த்தார். அடியில் ஒரு பெண், தெளிந்த நீரில் நிழலாகத் தெரிந்தாள்; கூடையை இடுக்கிக்கொண்டு, கயிற்றை முழங்கை மடிப்பில் பிடித்து, ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு விளக்கு எரியுதான்னு பாக்கச் சொல்லியிருக்காங்க," என்றார் மெதுவாக. "எரியுது. எங்கிருந்து எரியுதுன்னு எழுத எனக்கு இடமே விடலைங்களே." அவர் கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த மனுவுக்குத் தேவையில்லைன்னு எழுதினேன்னு சொன்னேன்ல. திங்கக்கிழமை வேற மாதிரி எழுதறேங்க."

பிரிட்டோ கையெடுத்துக் கும்பிட்டான். யாரைக் கும்பிடுகிறோம் என்ற தெளிவு இல்லாமல், சிலுவையும் போட்டுக்கொண்டான்.

ஆவுடையப்பன் அவர்களோடு சேர்ந்து சந்தோஷப்படத்தான் போனான். அப்போதுதான் திரையின் மூலையில் அந்த மூன்றாவது புள்ளியைப் பார்த்தான். அவனுக்கு மட்டும் தெரிந்த புள்ளி அது. காப்பு தட்டுவதைத்தான் அவன் வெட்டியிருந்தான். சதை அசைவதைப் படிப்பதை விட்டு வைத்திருந்தான். தட்டுகிறவர் யாரும் இல்லையென்றால் பதிலும் இருக்காது, புள்ளி நாளடைவில் அணைந்துவிடும் என்பது அவன் கணக்கு.

புள்ளி அணையவில்லை. பெரிதாகியது, சுருங்கியது. மறுபடி பெரிதாகியது. கை மூடினால் சுருங்கும், திறந்தால் விரியும். கீழே அவள் ஒவ்வொரு முடிச்சு போடும்போதும், யாரும் கேட்காமல், எந்த விதியும் இல்லாமல், இல்லாத அந்தக் கை திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுக்கிற மாதிரி.

திறப்பது அவன் கற்றுக்கொடுத்த பாடத்தில் கிடையாது.

அவள் மேலே வந்தாள், இந்த முறை மெதுவாக, மனிதர்கள் வருகிற மாதிரி. வலது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொக்கியைத் தட்டினாள், பட்டை கழன்றது. பிரிட்டோ சிலிண்டரை வாங்கிக்கொண்டு, "ஏட்டி, பாஸு!" என்று கத்தினான். அவள் அண்ணன் முகத்தில் தண்ணீரை அள்ளித் தெளித்தாள். ஏறி உட்கார்ந்ததும் சிரித்தாள், அப்புறம் கொஞ்ச நேரம் முகத்தைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் திரையை அணைத்துவிட்டு அவள் எதிரே குந்தினான். "அந்தக் கை... இன்னும் இருக்கா?"

அவன் காது தயாராகிவிட்டது. நல்லாத்தான் இருக்கு என்று வரும். ஒண்ணுமில்ல அண்ணாச்சி என்று வரும். பிரிட்டோகூட அவளுக்குப் பதிலாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள், வாய் மூடியது.

"இருக்கு," என்றாள் மெட்டில்டா. "நீங்க கம்பிய வெட்டினாலும் போவல. போவாதுன்னுதான் நெனைக்கேன். கரைக்கு வந்தா மடங்கிக்கிடும், இன்னைக்கும் வலிக்கத்தான் செய்யும். கீழ போனா திறக்கும். எப்படித் திறக்குன்னு நானே கொஞ்சங் கொஞ்சமாப் பழகிக்கிட்டேன். கேக்காம குடுத்தீயன்னு ஒங்க மேல கோவம் எனக்கு இருக்கு. திரும்பக் குடுன்னு நீங்க கேட்டாலும் இப்ப தர மாட்டேன். ரெண்டும் நெசந்தான்."

படகு மெல்ல ஆடியது. ஆவுடையப்பனுக்குச் சொல்வதற்கு நாலு வேடிக்கைப் பேச்சு கைவசம் இருந்தது. அவற்றைத் தள்ளி வைத்தான். எட்டு மாதத்துக்கு முன்பே, வாசலில் அவள் நின்றபோதே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டான்.

"ஒனக்கு என்னம்மா வேணும்?"

அவள் வலது கையால் நெஞ்சைத் தொட்டு அளந்து பார்த்தாள்.

"இந்தக் கொக்கி," என்றாள், "இன்னும் ரெண்டு விரக்கடை கீழ."